மூடலாமா என்று கேட்ட விண்டோ

எழுதிய கடிதத்தை இன்னும் சேமிக்கவில்லை. கை தவறி விண்டோவின் மூலையில் இருக்கும் மூடும் பட்டனை அழுத்திவிடுகிறோம். உடனே, ‘சேமிக்கட்டுமா, வேண்டாமா?’ என்று ஒரு கேள்வி எட்டிப் பார்க்கிறது. தினமும் பார்ப்பதால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். சரி, அந்தக் கேள்வியைக் கேட்டது யார்? விண்டோவை வரைவது, நகர்த்துவது, மூடுவது எல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனி எழுதிக் கொடுத்த நிரலின் வேலை. உள்ளே இருப்பது கடிதமா, கடைக் கணக்கா, குழந்தையின் படமா என்பது அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கடிதத்தைப் பற்றித் தெரிந்த நிரலை எழுதியவர் வேறு ஆள். விண்டோவின் நிரல் முடிந்து பல காலம் கழித்து, வேறு ஊரில் உட்கார்ந்து எழுதியவர். ஏற்கெனவே எழுதி முடித்துவிட்ட நிரல், இனிமேல் எழுதப்படப்போகிற நிரலைக் கூப்பிட்டு ‘மூடலாமா?’ என்று எப்படிக் கேட்கும்?

ஐபோனுக்குச் செயலி எழுதப் பழகுகிறவர்கள் டெலிகேட் என்ற பெயரைச் சீக்கிரமே கேட்டுவிடுவார்கள். இரண்டாம் திரையில் பயனர் கொடுத்த தகவலை முதல் திரைக்குத் திருப்பி அனுப்பும் உபாயம் என்றுதான் பெரும்பாலும் பாடம் தொடங்கும். பாடத்தில் தப்பில்லை. ஆனால் டெலிகேட் பிறந்தது அனுமதி கேட்பதற்காக. தகவல் சுமக்கும் வேலை பின்னால், திரை உள்ளங்கைக்குள் சுருங்கிய பிறகு, வந்து சேர்ந்தது. பழகுகிறவர்கள் டெலிகேட்டில் தடுக்கி விழும் இடங்களில் பாதி, இந்தப் பிறப்பைச் சொல்லாமல் விட்டதால் வருவது என்று எனக்குத் தோன்றுகிறது.

1984இல் வந்த மெக்கின்டோஷில் எல்லாவற்றுக்கும் புரோகிராமர்தான் பொறுப்பு. ‘கெட்நெக்ஸ்ட்ஈவென்ட்’ என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு லூப்பை அவர் எழுத வேண்டும். மவுஸ் அழுத்தப்பட்டதா, எங்கே அழுத்தப்பட்டது, மெனுவிலா, விண்டோவின் தலைப்பிலா, மூடும் பெட்டியிலா என்று பிரித்துப் பார்த்து, அந்தந்த வேலைக்கான டூல்பாக்ஸ் ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். விண்டோவை இழுத்து நகர்த்துவதற்குக்கூட நிரலில் ஒரு வரி எழுதியாக வேண்டும். எல்லாச் செயலியிலும் இந்த லூப் ஏறக்குறைய ஒன்றேதான். ஆனாலும் அவரவர் தனித்தனியே எழுதினார்கள், தனித்தனியே தப்பும் செய்தார்கள்.

அடுத்த வருடமே ஆப்பிள் மேக்ஆப் என்ற ஒரு சட்டகத்தைக் கொண்டுவந்தது. லேரி டெஸ்லர் முன்னின்று, பாஸ்கல் மொழியின் தந்தை நிக்லாஸ் விர்த்தின் ஆலோசனையோடு உருவான ஆப்ஜெக்ட் பாஸ்கலில் எழுதப்பட்டது அது. லூப்பை அதுவே பார்த்துக்கொண்டது. புரோகிராமர் செய்ய வேண்டியது, அது தரும் கிளாஸ்களிலிருந்து தன் சப்கிளாஸ்களை உண்டாக்கி, மாற்ற வேண்டிய மெதட்களை மட்டும் மாற்றி எழுதுவது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மூடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக ஒரு முழுக் கிளாஸைப் பெற்று வளர்க்க வேண்டியிருந்தது. சப்கிளாஸ் என்றால் மேலே இருப்பவரின் உள்விவகாரங்களோடு ஒட்டிப் பிறப்பது. மேலே ஒரு மெதட் எந்த வரிசையில் எதைச் செய்கிறது என்று தெரியாமல் கீழே கைவைத்தால், அடுத்த பதிப்பு வரும்போது உடையும்.

இந்தத் தொல்லை கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்களுக்கு முன்பே பழக்கம். நார்வேயிலிருந்து அங்கே விருந்தாளியாக வந்திருந்த ட்ரிக்வே ரீன்ஸ்கௌக், டேட்டா வைத்திருப்பது வேறு, அதைக் காட்டுவது வேறு, கட்டளை வாங்குவது வேறு என்று பிரித்து மாடல், வியூ, கன்ட்ரோலர் என்ற குறிப்பை 1979 டிசம்பரில் எழுதினார். அந்த வழியில் வளர்ந்த ஸ்மால்டாக்-80இல் ‘பிளக்கபிள் வியூ’ என்ற வகை இருந்தது. பட்டியல் காட்டும் வியூவை உருவாக்கும்போதே, ‘பட்டியல் வேண்டுமானால் இந்த ஆப்ஜெக்டுக்கு இந்த மெசேஜை அனுப்பு, பயனர் ஒன்றைத் தேர்ந்தால் இந்த மெசேஜை அனுப்பு’ என்று சொல்லி வைத்துவிடலாம். சப்கிளாஸ் எழுத வேண்டியதில்லை. டெலிகேட்டின் தாத்தா யார் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

பைட் பத்திரிகை 1981 ஆகஸ்ட் இதழை முழுக்க ஸ்மால்டாக்குக்கே ஒதுக்கியது. அட்டையில் வெப்பக்காற்று பலூன். ஐடிடி நிறுவனத்தில் வேலை பார்த்துவந்த பிராட் காக்ஸுக்கு ஸ்மால்டாக் மேல் ஆசை வந்தது, ஆனால் கையில் இருந்தது சி மொழி. சி-க்கு மேலே ஸ்மால்டாக்கின் மெசேஜ் அனுப்பும் முறையை மட்டும் ஒட்டவைக்க ஒரு ப்ரீகம்பைலர் எழுதினார். அதுவே ஆப்ஜெக்டிவ்-சி ஆனது. 1983இல் டாம் லவ்வோடு சேர்ந்து கனெக்டிகட்டில் அவர் தொடங்கிய கம்பெனிதான் பின்னால் ஸ்டெப்ஸ்டோன் என்று பெயர் மாறியது. காக்ஸுக்கு மொழியைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் ஐசி சிப்பை வாங்கி, உடைத்துப் பார்க்காமலே போர்டில் பொருத்துகிறார்கள். சாஃப்ட்வேரையும் அப்படி விற்று வாங்க வேண்டும் என்றார். ‘சாஃப்ட்வேர்-ஐசி’ என்பது அவர் வைத்த பெயர். விற்று வாங்கும் சந்தை அவர் நினைத்தபடி வரவில்லை. ஆனால் உடைக்காமல் பொருத்துவது என்ற எண்ணம் நெக்ஸ்ட் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளிலிருந்து வெளியேறி 1985இல் தொடங்கியது நெக்ஸ்ட். அதன் கறுப்புக் கனசதுரக் கம்ப்யூட்டர் 1988 அக்டோபர் 12 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவின் டேவிஸ் சிம்ஃபனி அரங்கில் மேடையேறியது. பல்கலைக்கழகங்களுக்கு விலை 6,500 டாலர். பெட்டி அதிகம் விற்கவில்லை. 1993இல் பெட்டி செய்வதையே நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்த நெக்ஸ்ட்ஸ்டெப் இயங்குதளம் மட்டும் சாகவில்லை. அதில் ‘அப்ளிகேஷன் கிட்’ என்ற ஆப்ஜெக்டிவ்-சி லைப்ரரி இருந்தது: விண்டோ, பட்டன், டெக்ஸ்ட், மெனு எல்லாம் தயாராக. இங்கேதான் ‘டெலிகேட்’ முறையாகப் பெயர் சூட்டப்பட்டு வந்தது.

கல்யாணச் சமையல் காண்ட்ராக்டரை எடுத்துக்கொள்வோம். எத்தனையோ வீட்டுக் கல்யாணம் பார்த்தவர். எந்த வீட்டுக்காகவும் அவர் தன் தொழிலை மாற்றிக்கொள்வதில்லை. வந்ததும் ஒன்று கேட்பார்: ‘நான் யாரைக் கேட்கணும்?’ ‘எல்லாத்துக்கும் எங்க சித்தப்பாவைக் கேளுங்க’ என்று ஒருவரைக் காட்டிவிடுவார்கள். அதன்பின் ‘இலை போடலாமா?’, ‘பந்தி முடிஞ்சுதுங்க’ என்று எல்லாம் சித்தப்பாவிடம்தான். சித்தப்பா பதில் சொல்லாமல் நின்றால் காண்ட்ராக்டர் வழக்கப்படி செய்துகொண்டு போவார். சித்தப்பாவின் ஊர், உத்தியோகம் எதுவும் அவருக்குத் தேவையில்லை.

நெக்ஸ்ட்டின் விண்டோவும் அப்படியே. அதற்குள் ‘டெலிகேட்’ என்று ஒரு காலி இடம். அதில் எந்த ஆப்ஜெக்டை வேண்டுமானாலும் வைக்கலாம், என்ன கிளாஸ் என்று விண்டோ கேட்பதில்லை. மூடும் பட்டன் அழுத்தப்பட்டதும் விண்டோ முதலில், ‘விண்டோவில்க்ளோஸ் என்ற மெசேஜுக்குப் பதில் சொல்லத் தெரியுமா?’ என்று அந்த ஆப்ஜெக்டை விசாரிக்கும். தெரியாது என்றால் தன்பாட்டுக்கு மூடிக்கொள்ளும். தெரியும் என்றால் மெசேஜை அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும். பதில் ‘நில்’, அதாவது ஒன்றுமில்லை என்று வந்தால் மூடாது. கடிதத்தை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட் இந்த இடைவெளியில்தான் ‘சேமிக்கட்டுமா?’ என்று பயனரைக் கேட்கிறது.

ஆப்ஜெக்டிவ்-சி இல்லாமல் இது இவ்வளவு எளிதாக நடந்திருக்காது. அதில் எந்த மெசேஜை யார் வாங்குவார் என்பது நிரல் ஓடும்போதுதான் முடிவாகும். அதனால்தான் ஏற்கெனவே கம்பைல் ஆன விண்டோ, தான் பார்த்தே இராத ஆப்ஜெக்டிடம் ‘உனக்கு இது தெரியுமா?’ என்று விசாரிக்க முடிந்தது. இன்னொரு சலுகையும் உண்டு. டெலிகேட் இடம் காலியாகவே இருந்தாலும் மெசேஜ் அனுப்பினால் நிரல் விழாது; சத்தமில்லாமல் ஒன்றும் நடக்காமல் போகும். இந்தச் சலுகையைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் புலம்ப வேண்டியிருக்கிறது.

டெலிகேட்டை நிரலில் எழுதித்தான் பொருத்த வேண்டும் என்றுகூட இல்லை. பாரிஸ் பக்கம் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான்-மரி ஹுல்லோ, பட்டன்களையும் விண்டோக்களையும் மவுஸால் இழுத்து வைத்துத் திரையைக் கட்டும் கருவி ஒன்றை மெக்கின்டோஷில் லிஸ்ப் மொழியில் செய்திருந்தார். அவர் நெக்ஸ்ட்டுக்கு வந்து, அதை ‘இண்டர்ஃபேஸ் பில்டர்’ ஆக்கினார். அதில் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி விண்டோவிலிருந்து உங்கள் ஆப்ஜெக்டுக்கு ஒரு கோடு இழுத்து, வரும் பட்டியலில் டெலிகேட் என்பதைத் தேர்ந்தால் வேலை முடிந்தது.

எல்லாவற்றுக்கும் டெலிகேட் போதவும் இல்லை. 1990இல் ஜெனீவா பக்கம் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலை உலாவியை ஒரு நெக்ஸ்ட் பெட்டியில்தான் எழுதினார். இணைப்புகள் கொண்ட எழுத்துக்காக அவர் செய்தது, டெக்ஸ்ட் கிளாஸுக்கு ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சப்கிளாஸ். நியாயம்தான். எழுத்தின் குணமே மாற வேண்டியிருந்தது. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுச் செய்கிற காரியம் இல்லை அது.

பெயர் வைக்கும் முறையில் இந்த மரபின் புத்தி நன்றாகத் தெரியும். நடக்கப்போவதற்கு ‘வில்’, நடந்து முடிந்ததற்கு ‘டிட்’, அனுமதிக்கு ‘ஷுட்’. முதல் காலத்தில் ‘விண்டோவில்க்ளோஸ்’ என்பதே அனுமதியும் கேட்டது. நெக்ஸ்ட்ஸ்டெப்பின் வழிவந்த 1994இன் ஓப்பன்ஸ்டெப்பில் பிரித்தார்கள்: ‘விண்டோஷுட்க்ளோஸ்’ ஆமாம், இல்லை என்ற பதிலை எதிர்பார்க்கும், ‘விண்டோவில்க்ளோஸ்’ வெறும் தகவல். கேட்டவர் யார் என்பதையும் மெசேஜோடு சேர்த்தே அனுப்புவார்கள். ஒரே ஆப்ஜெக்ட் நான்கு விண்டோக்களுக்கு டெலிகேட்டாக இருந்தால், எந்த விண்டோ கேட்கிறது என்று தெரிய வேண்டுமே.

தகவல் கொடுக்கும் வேலையின் விதையும் நெக்ஸ்ட்டிலேயே இருந்தது. அங்கே ஃபைல்களைப் பத்தி பத்தியாகக் காட்டும் பிரவுசர் இருந்தது. ‘இந்தப் பத்தியில் என்ன காட்ட?’ என்று அது தன் டெலிகேட்டைக் கேட்டது. பின்னால் வந்த டேபிள் வியூவில் இந்த வேலையை மட்டும் ‘டேட்டாசோர்ஸ்’ என்று தனியே பிரித்தார்கள். அப்போதுகூடத் தகவல் ஓடியது ஒரு திரையின் பகுதிக்கும் அதன் எஜமானுக்கும் இடையில்தான். திரை விட்டுத் திரைக்கு என்ற பேச்சே எழவில்லை. பெரிய மானிட்டரில் நாலு விண்டோ பக்கத்தில் பக்கத்தில் திறந்திருக்கும்போது அதற்கு என்ன அவசரம்?

1990களின் தொடக்கத்தில் நெக்ஸ்ட் ஆப்ஜெக்டிவ்-சி-யில் ‘புரோட்டோகால்’ என்பதைச் சேர்த்தது: இன்னின்ன மெசேஜ்களுக்குப் பதில் சொல்வேன் என்று ஒரு கிளாஸ் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம். ஜாவாவின் இண்டர்ஃபேஸ் இதைப் பார்த்து எடுத்ததுதான் என்று ஜாவா குழுவில் இருந்த பேட்ரிக் நாட்டனே பின்னால் சொல்லியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், ஜாவாவின் முதல் பதிப்பு பட்டன் அழுத்தத்தைப் பிடிக்க சப்கிளாஸ் எழுதச் சொன்னது, 1997இல் 1.1 பதிப்பில்தான் மனம் மாறி, காது கொடுக்கும் ஆப்ஜெக்டைத் தனியே வைக்கும் முறைக்கு வந்தது. நெக்ஸ்ட்காரர்களுக்கோ வேறு சிக்கல். புரோட்டோகாலில் கையெழுத்துப் போட்டால் எல்லா மெதட்களையும் எழுதியே ஆக வேண்டும். டெலிகேட்டின் அழகே வேண்டியதற்கு மட்டும் பதில் சொல்லலாம் என்பதுதான். அதனால் வெகுகாலம் டெலிகேட் மெதட்கள் கட்டாயமில்லாத வாய்மொழி ஏற்பாடாகவே இருந்தன. 2007இல் ஆப்ஜெக்டிவ்-சி 2.0 வந்து, புரோட்டோகாலுக்குள்ளேயே ‘ஆப்ஷனல்’ என்று குறிக்க வழி செய்த பிறகுதான் ஒப்பந்தமும் சலுகையும் ஒரே காகிதத்தில் ஏறின.

அதற்குள் ஊர் மாறிவிட்டது. 1996 டிசம்பரில் ஆப்பிள் நெக்ஸ்ட்டை வாங்குவதாக அறிவித்தது. ஜாப்ஸும் நெக்ஸ்ட்ஸ்டெப்பும் ஒன்றாகவே வீடு திரும்பினார்கள். 2001இல் மேக் ஓஎஸ் எக்ஸ், 2007இல் ஐபோன். 2008 மார்ச்சில் வெளியாட்கள் ஐபோனுக்கு நிரல் எழுதும் கருவிகள் வெளிவந்தன, ஜூலை 10 அன்று ஆப் ஸ்டோர் திறந்தது. கருவிகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு யூஐகிட் என்ற லைப்ரரியில் எங்கு திரும்பினாலும் டெலிகேட். செயலி கிளம்பிவிட்டது என்பதைச் சொல்ல ஒரு டெலிகேட், பட்டியலில் விரல் வைத்ததைச் சொல்ல ஒன்று, எழுத்துப் பெட்டியில் ரிட்டர்ன் அழுத்தியதை ஏற்கலாமா என்று கேட்க ஒன்று. பிராட் காக்ஸ் பத்திரிகை படித்து ஆசைப்பட்ட மெசேஜ்கள், கால் நூற்றாண்டு கழித்து மூன்றரை அங்குலக் கண்ணாடிக்குள் ஓடின.

அந்தக் கண்ணாடிதான் புதுப் பிரச்சினையைக் கொண்டுவந்தது. 320-க்கு 480 புள்ளியில் ஒரு நேரத்துக்கு ஒரு திரைதான். பட்டியல் ஒரு திரை, விவரம் அடுத்தது, திருத்துவது அதற்கடுத்தது. முன்னே போகும்போது தகவல் கொடுப்பது சுலபம்: இரண்டாம் திரையை உருவாக்குவதே முதல் திரைதான், உருவாக்கும்போதே வேண்டியதைக் கையில் கொடுத்து அனுப்பலாம். திரும்பி வரும்போதுதான் வம்பு. பயனர் இரண்டாம் திரையில் ஒரு நகரத்தைத் தேர்ந்துவிட்டார், யாரிடம் சொல்ல? முதல் திரையின் பெயரை இரண்டாம் திரைக்குள் எழுதினால், அந்த இரண்டாம் திரையை வேறு எந்த இடத்திலிருந்தும் திறக்க முடியாது.

வழி, நிரல் எழுதுவதற்கான ஆப்பிளின் கருவி எக்ஸ்கோடிலேயே ஒரு மாதிரி நிரலாகக் கிடைத்தது. அந்நாளைய ஐபோனின் வானிலைச் செயலியில் மூலையில் சின்னதாக ‘ஐ’ என்ற பட்டன் இருக்கும். தொட்டால் திரை சீட்டுபோல் புரண்டு பின்பக்கம் வரும். ஊர்களை மாற்றிவிட்டு ‘டன்’ அழுத்தினால் மறுபடி புரளும். இப்படிச் செயலி எழுதுவதற்காக எக்ஸ்கோடில் ‘யூட்டிலிட்டி’ என்றொரு தயார் வார்ப்பு வைத்திருந்தார்கள். பின்பக்கத் திரைக்கு ஃபிளிப்சைட் வியூகன்ட்ரோலர் என்று பெயர். அதன் நிரலைப் படிக்கும் புதியவருக்கு ஒன்று விசித்திரமாகப் படும். ‘டன்’ அழுத்தியதும் பின்பக்கத் திரை தன்னை மூடிக்கொள்ளவில்லை. தன் டெலிகேட்டுக்கு ‘ஃபிளிப்சைட்வியூகன்ட்ரோலர்டிட்ஃபினிஷ்’ என்று ஒரு மெசேஜ் மட்டும் அனுப்புகிறது. மூடுவது முன்பக்கத் திரையின் வேலை. மூடும் பட்டனை வைத்திருப்பவர் வேறு, மூடலாம் என்று முடிவெடுப்பவர் வேறு. நெக்ஸ்ட்டின் விண்டோவில் பார்த்த அதே ஏற்பாடு.

புதியவர்கள் இந்த வார்ப்பை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். ‘டிட்ஃபினிஷ்’ என்ற மெசேஜோடு இன்னொரு பொருளையும் சேர்த்தால் போதுமே! ‘முடிந்தது, இதோ பயனர் தேர்ந்த நகரம்.’ அவ்வளவுதான், தகவல் திரை மாறிவிட்டது. ஆப்பிளின் சொந்தத் திரைகளும் இதே பாணியில் இருந்தன. புகைப்படம் தேர்ந்தெடுக்கும் யூஐஇமேஜ்பிக்கர், படம் கிடைத்தால் ஒரு மெசேஜ், வேண்டாம் என்று பயனர் திரும்பினால் வேறொரு மெசேஜ் என இரண்டு வைத்திருந்தது. இரண்டாவதை எழுத மறக்கிறவர்கள் உண்டு. பயனர் மனம் மாறுவார் என்பதை ஒரு மெதட்டாக எழுதி வைத்தது இந்தப் பாணியின் பெரிய நாகரிகம் என்பேன். 2009இல் வந்த மின்னஞ்சல் எழுதும் திரை இன்னும் கறார்: டெலிகேட் வைக்க மறந்துவிட்டால் ‘கேன்சல்’ அழுத்தினாலும் அது போகாது, அப்படியே நிற்கும்.

ஆண்ட்ராய்டில் அதே 2008இல் வேறு வழி எடுத்தார்கள். அங்கே ஒரு திரை இன்னொரு திரையை ‘ஸ்டார்ட்ஆக்டிவிட்டிஃபார்ரிசல்ட்’ என்று திறக்கும். பதில் ஒரு எண்ணோடும் பொட்டலம் கட்டிய டேட்டாவோடும் வரும். திறக்கும் திரை வேறொரு செயலியுடையதாகக்கூட இருக்கலாம் என்பதால், ஆப்ஜெக்டை நேரடியாகக் கையில் கொடுக்க வழியில்லை. ஆப்பிளின் ஏற்பாடு ஒரே செயலிக்குள் இருந்ததால் இந்தப் பொட்டலம் தேவைப்படவில்லை. சுகம்தான். அந்தச் சுகத்தின் விலை நினைவகத்தில் தெரிந்தது.

முதல் ஐபோனில் நினைவகம் 128 எம்பி. வேண்டாத ஆப்ஜெக்டுகளைத் தானே பொறுக்கி எறியும் வசதி மேக்கில் 2007இலேயே வந்திருந்தும் போனுக்குத் தரவில்லை. ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி, எண்ணிக்கை பூஜ்யமானால் அழிப்பார்கள். முதல் திரை இரண்டாம் திரையைப் பிடித்திருக்கிறது. இரண்டாம் திரையும் டெலிகேட் என்று முதல் திரையைப் பிடித்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று விடாமல் நினைவகத்திலேயே கிடக்கும். ஆகவே நெக்ஸ்ட் நாளிலிருந்தே வழக்கம், டெலிகேட்டைப் பிடிக்கக் கூடாது, இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். இதில் வேறு ஆபத்து. டெலிகேட்டான திரை அழிந்த பிறகும் குறித்த இடம் அப்படியே இருக்கும். அங்கே மெசேஜ் போனால் ‘பேட் ஆக்சஸ்’ என்று செயலி விழும். வலைப்பக்கம் காட்டும் யூஐவெப்வியூ இதற்குப் பேர்போனது. பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பயனர் பின்னால் போய்விடுவார். பக்கம் இறங்கி முடிந்ததும் அது ‘முடிந்தது’ என்று இல்லாத ஆளுக்குச் சொல்லப் போகும். அழியும் முன் டெலிகேட்டைக் காலி செய்துவிடுங்கள் என்று ஆப்பிளின் ஆவணமே எச்சரித்தது. 2011இல் ஐஓஎஸ் 5-உடன், இந்த எண்ணிக்கையைத் தானே பார்த்துக்கொள்ளும் ஏஆர்சி வந்து, ‘வீக்’ என்று குறித்த இடம் ஆள் போனதும் தானாகவே காலியாகும்படி செய்த பிறகுதான் அந்தக் காலம் முடியத் தொடங்கியது. பின்னால் வந்த ஸ்விஃப்ட் மொழியில் ‘வீக் வார் டெலிகேட்’ என்று கைப்பழக்கமாக எழுதுகிறவர்களில் பலர் அந்த விபத்துகளைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆப்பிளும் எல்லா இடத்திலும் இந்த வழக்கத்தைப் பிடிக்கவில்லை. 2013இல் வந்த யூஆர்எல்செஷன் தன் டெலிகேட்டை இறுக்கியே பிடித்துக்கொள்ளும். நீங்களாக அந்த செஷனை முடித்து வைக்கும்வரை விடாது.

இனி அந்தப் புலம்பல். காலி இடத்துக்கு மெசேஜ் அனுப்பினால் ஒன்றும் நடக்காது என்ற சலுகை, விண்டோவுக்கு வரம். திரை விட்டுத் திரைக்குத் தகவல் அனுப்புகிறவருக்குச் சாபம். விண்டோவுக்கு டெலிகேட் இல்லாவிட்டால் வழக்கப்படி மூடிக்கொள்ளும், நஷ்டமில்லை. நகரத்தைத் தேர்ந்த திரைக்கு வழக்கப்படி செய்ய என்ன இருக்கிறது? டெலிகேட்டைப் பொருத்த மறந்தால் பிழை வராது, எச்சரிக்கை வராது, தகவலும் வராது. திரைகளை வரைந்து ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்டோரிபோர்டு வந்த பிறகு இன்னொரு ரகம் சேர்ந்தது. அடுத்த திரையை ஸ்டோரிபோர்டே உருவாக்கி ‘பிரிப்பேர்’ என்ற மெதட்டில் கையில் கொடுக்கும். அதை விட்டுவிட்டு, அதே கிளாஸில் புதிதாக ஒரு திரையை உருவாக்கி அதற்கு டெலிகேட்டை வைத்துவிடுவார்கள். டெலிகேட் பொருந்திய திரை எங்கும் தெரியாது. தெரிகிற திரைக்கு டெலிகேட் கிடையாது. கம்பைலருக்கு இரண்டும் ஒன்றுதான். இந்தப் பிழையில் மாட்டியவர் நிரலை வரி வரியாகப் பார்த்தாலும் தப்பு தெரியாது, ஏனென்றால் எழுதிய வரிகள் எல்லாமே சரி.

அனுமதி கேட்கப் பிறந்ததைச் சுமைக்கு வைத்ததன் உரசல் இது. ஆப்பிளும் வேறு வழிகளைத் திறந்துவிட்டது. 2010இல் ஐபோனுக்கு ‘பிளாக்’ வந்தது. தகவல் கிடைத்தால் செய்ய வேண்டியதை அந்த இடத்திலேயே எழுதி இரண்டாம் திரையின் கையில் கொடுத்து அனுப்பலாம், புரோட்டோகால் வேண்டாம். ஒரே ஒரு தகவல் ஒரே ஒரு முறை திரும்ப வேண்டுமானால் எனக்கு இதுவே பிடிக்கும். நான்கைந்து வகைக் கேள்விகள், நடுநடுவே அனுமதி, மனமாற்றம் என்று வந்தால் மட்டும் டெலிகேட். 2014இல் வந்த ஸ்விஃப்ட் மொழி மெசேஜ் அனுப்பும் பழைய சுதந்திரத்தை வெகுவாகக் குறைத்தது. சுத்த ஸ்விஃப்ட் புரோட்டோகாலில் ‘ஆப்ஷனல்’ கிடையாது. வேண்டுமென்றால் ஆப்ஜெக்டிவ்-சி-யின் தயவை நாட வேண்டும். ஆனாலும் டெலிகேட் பிழைத்தது.

2019இல் வந்த ஸ்விஃப்ட்யூஐ கேள்வியையே மாற்றிப் பார்த்தது. தகவல் ஓரிடத்தில்தான் இருக்கும். இரண்டு திரையும் அதையே பார்க்கும். இரண்டாம் திரைக்கு ‘பைண்டிங்’ என்று ஒரு பிடி கொடுத்தால் போதும், அங்கே மாற்றியது இங்கே தெரிந்துவிடும். திருப்பி அனுப்புவது என்ற வேலையே இல்லை. அடுத்த வருடம் செயலியின் தொடக்கத்தில் இருந்த ஆப்டெலிகேட்டையும் கட்டாயமில்லாமல் ஆக்கிவிட்டார்கள். ஆனால் புஷ் நோட்டிஃபிகேஷனுக்காகப் போனைப் பதிவு செய்யும்போது கிடைக்கும் டோக்கன் ஆப்டெலிகேட்டிடம்தான் வரும் என்பதால், அதை உள்ளே கொண்டுவர ‘யூஐஅப்ளிகேஷன்டெலிகேட்அடாப்டர்’ என்று தனியே ஒரு கதவையும் வைக்க வேண்டியிருந்தது.

ஸ்விஃப்ட்யூஐ செயலியிலிருந்து மின்னஞ்சல் எழுதும் திரையைத் திறக்க வேண்டுமானால், 2009இன் அதே பழைய திரையை ஒரு உறைக்குள் போட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். உறையோடு ‘கோஆர்டினேட்டர்’ என்று ஒரு கிளாஸ் எழுத வேண்டும். பயனர் அனுப்பினாரா, வேண்டாம் என்றாரா என்ற மெசேஜ் அதற்குத்தான் வரும். அதைப் பார்த்து, பைண்டிங்கில் ஒரு மதிப்பை மாற்றி, திரையை மூடச் சொல்வது அந்தக் கோஆர்டினேட்டர். எழுத மறந்தால் ‘கேன்சல்’ அழுத்தியும் போகாத திரைதான் இப்போதும்.